தேநீர்க் கிண்ணமும் அதைச் சுற்றிய துணியும்

நம்மிடம் சில ஆண்டுகள் அரபு பயின்றவரும், பின்னர் பணி நிமித்தமாக ஜப்பானில் குடியேறியவருமான மாணவர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்தபோது உத்திரமேரூரில் உள்ள நம் இல்லத்திற்கு வந்திருந்தார். கையில் ஒரு சிறு மரப்பெட்டி. பருத்தி நாடா ஒன்று அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. மூடியின் மேல் தூரிகையால் எழுதப்பட்ட சில எழுத்துகளும் ஒரு செந்நிற முத்திரையும் இருந்தன. நாடாவை அவிழ்த்து மூடியைத் திறந்தால், உள்ளே மஞ்சள் துணி! நம் பகுதித் திருமண வீடுகளில் கொடுக்கும் மஞ்சள் பையின் அதே நிறம். துணியை விலக்கியபோது, உள்ளங்கை இரண்டும் சேர்ந்து ஏந்தத்தக்க ஒரு பீங்கான் கிண்ணம் வெளிப்பட்டது. அதன் வெளிப்புறத்தில் இலையுதிர்காலப் புற்கள் காற்றில் சாய்ந்திருப்பது போல் ஓவியம் தீட்டப்பட்டிருந்தது.

"ஹஜ்ரத், இது கியோத்தோ நகரத்துத் தேநீர்க் கிண்ணம். கையால் வனைந்து கையால் எழுதியது" என்றார் அவர். "துணி ஏன் மஞ்சளாக இருக்கிறது?" என்று வினவினோம். உயர்ந்த பீங்கானையும் ஓவியச் சுருளையும் மஞ்சள் தோய்த்த பருத்தித் துணியில் பொதிந்து வைப்பது அந்நாட்டு வழக்கம் என்றும், மஞ்சளுக்குப் பூச்சி அண்டாது என்று முன்னோர் கருதினர் என்றும், இக்காலத்தில் செயற்கைச் சாயமே பெரும்பாலும் பயன்பட்டாலும் 'உகோன்' என்னும் மஞ்சளின் பெயர் அத்துணிக்கு நிலைத்துவிட்டது என்றும் விளக்கினார்.

கிண்ணத்தைவிட அத்துணியே அன்றிரவு நம்மைத் தூங்கவிடாமல் செய்தது. பருத்தியும் மஞ்சளும் நம் மண்ணோடு பழகிய பொருள்கள். அவை எவ்வாறு ஜப்பானியக் கிண்ணத்தின் போர்வையாயின? இக்கேள்வியைப் பின்தொடர்ந்தபோது நாம் கண்டடைந்த வரலாறு, பாரசீகத்தின் சுரங்கம், அரபு மாலுமிகளின் கலங்கள், கொரியக் குயவர்களின் துயரம், நம் சோழமண்டலக் கரையின் சாயத் தொட்டிகள் ஆகிய அனைத்தையும் தொட்டுச் செல்கின்றது. அதனை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் சொல்லும் வரலாறு

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். 'பீங்கான்' என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல் தமிழுக்குப் பாரசீகம் தந்தது. பாரசீகத்தில் 'பிங்கான்' என்பது கிண்ணத்தைக் குறிக்கும். அரபு மொழியில் 'ப' என்னும் வல்லொலி இல்லாமையால் அதுவே அங்கு 'ஃபின்ஜான்' ஆயிற்று. அரபு நாட்டில் காப்பி அருந்தத் தரும் சிறு கிண்ணத்துக்கு இன்றும் அதுவே பெயர். எனவே அரேபியரின் ஃபின்ஜானும் நம் வீட்டுப் பீங்கானும் ஒரு தாய் மக்களே ஆவர்.

பாரசீகக் கிராமங்களில் பிங்கானுக்கு வேறொரு பணியும் இருந்தது. அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஓர் அளவாகக் கொண்டு, நிலத்தடிக் கால்வாய் நீரை உழவர்களுக்குப் பங்கிட்டனர். நம் முன்னோர் பொழுதளந்த நாழிகை வட்டிலும் இம்முறையினதே. ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் நம் பகுதியினருக்கு, ஒரு கிண்ணம் நீதிபதியாக அமர முடியும் என்பதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. அன்றியும் உத்திரமேரூர், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் கூறுகின்றபடி, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவனொருவனைக் கொண்டு எடுக்கச் செய்து சபையினரைத் தேர்ந்த ஊர். ஒரு பாத்திரத்தின் மேல் ஓர் ஊரே வைத்த நம்பிக்கைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அரபியர் சீனத்துப் பாண்டத்தை 'ஸீனீ' என்றனர். அச்சொல்லிலிருந்தே தாம்பாளத்தைக் குறிக்கும் 'ஸீனிய்யா' பிறந்தது. நம் தென்கடற்கரை ஊர்களில் பலர் சூழ்ந்தமர்ந்து ஒன்றாய் உண்ணும் 'ஸஹன்' என்னும் பெருந்தட்டின் பெயரும் தூய அரபுச் சொல்லே. உண்கலங்களின் பெயர்களை மட்டும் தொகுத்தாலே இந்துமாக் கடலின் வணிக வரலாற்றில் பாதி எழுதி முடிந்துவிடும் எனலாம்.

அரபு நூல்களின் சாட்சியம்

தேநீரைப் பற்றியும் அதை ஏந்தும் பீங்கானைப் பற்றியும் சீனத்துக்கு வெளியே எழுந்த மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று அரபு மொழியில் உள்ளது. ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851இல் தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் சீன, இந்தியச் செய்திகள் அடங்கிய நூல் அது. சுலைமான் என்னும் வணிகரின் பெயரோடு அது தொடர்புபடுத்தப்படுகின்றது. பிற்காலத்தில் ஸீராஃப் துறைமுகத்தைச் சார்ந்த அபூ ஸைத் அதற்கு ஓர் இணைப்பு எழுதிச் சேர்த்தார். சீனரிடம் உயர்ந்த களிமண் உண்டு என்றும், அதனால் செய்யும் கிண்ணங்கள் கண்ணாடி போல் மெல்லியனவாய், உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியத்தக்கனவாய் உள்ளன என்றும் அந்நூல் வியக்கின்றது. அந்நாட்டு மக்கள் 'ஸாக்' என்னும் கசப்பான இலையின்மேல் வெந்நீர் ஊற்றிப் பருகுகின்றனர் என்றும், உப்பும் அவ்விலையும் அரசனுக்குப் பெருவருவாய் தருகின்றன என்றும் கூறுகின்றது. அவ்விலை தேயிலையன்றி வேறில்லை. கிண்ணமும் தேநீரும் ஒரே நூலில், இரண்டையும் நேரில் கண்டவர் வாய்மொழியாகப் பதிவாகியிருப்பது நம் கவனத்துக்குரியது.

இந்நூலுக்குக் கடலடியிலிருந்தும் ஒரு சாட்சி எழுந்தது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கிய மரக்கலம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பலகைகள் ஆணியின்றி, கயிற்றால் தைத்து இணைக்கப்பட்டிருந்தன. அரபுக் கடலிலும் மேற்கு இந்துமாக் கடலிலும் வழங்கிய கட்டுமான முறை இது. அதனுள் ஏறத்தாழ 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சாங்ஷா சூளைகளில் சுட்ட, தூரிகை ஓவியம் தாங்கிய எளிய கிண்ணங்கள். ஒன்றில் கி.பி. 826ஐக் குறிக்கும் தேதி பொறிக்கப்பட்டுள்ளது. அரபு எழுத்தின் சாயலில் கோடுகள் தீட்டப்பட்ட கிண்ணங்களும் அவற்றுள் உண்டு. மேற்றிசைக் கடைவீதியை மனத்திற்கொண்டே சீனக் குயவர் தூரிகை பிடித்தனர் என்பது இதனால் விளங்கும்.

அறிஞர் அல்பீரூனீ, தமக்கு அறிமுகமான வணிகர் ஒருவரின் ரய் நகரத்து வீட்டில் தட்டு, கிண்ணம், குவளை, விளக்கு முதலிய யாவும் சீனப் பீங்கானாகவே இருந்ததைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். 14ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த இப்னு பத்தூத்தா, சீனப் பீங்கான் இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகித் தம் தாயகமாகிய மக்ரிப் வரை சென்று சேர்வதைக் குறிப்பிடுகின்றார். அவர் மஅபர் என வழங்கிய நம் தமிழகக் கரைக்கும் வந்தவர் என்பதை வாசகர் அறிவர். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது, பச்சைப் பீங்கானும் நீலவண்ணப் பீங்கானுமாகச் சீன ஓடுகள் திரளாகக் கிடைத்தன. அவ்வோடுகளை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், தமிழ்க் கல்வெட்டுகளில் வாழ்நாளைச் செலவிட்ட ஜப்பானியப் பேராசிரியர் நொபுரு கராஷிமா. 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2015இல் மறைந்த அப்பெருந்தகை, நம் கடற்கரைக் கிராமங்களின் மண்ணில் சிதறிக்கிடந்த சில்லுகளைக் குனிந்து பொறுக்கினார். நாமோ அவற்றின்மேல் நடந்து சென்றுகொண்டிருந்தோம்.

நீலத்தின் பயணம்

பீங்கானில் நாம் காணும் அடர்நீலத்துக்கு மூலம் கோபால்ட் என்னும் கனிமம். 9ஆம் நூற்றாண்டில், அப்பாஸிய ஆட்சியில் பஸ்ரா நகரக் குயவர்கள் சீன வெண்பீங்கானைக் கண்டு மயங்கினர். ஆயினும் அவர்கள் மண்ணில் அவ்வெண்மை இல்லை. வெள்ளீயம் கலந்த வெண்மெருகைப் பூசி அக்குறையை மறைத்தனர். பின் அவ்வெண்மையின்மேல் கோபால்ட் நீலத்தால் பூவும் எழுத்தும் வரைந்தனர். இல்லாமையிலிருந்து ஒரு புதுமை பிறந்தது.

காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தைச் சார்ந்த அபுல் காஸிம் என்பார் கி.பி. 1301இல் எழுதிய குறிப்பில், நகரையடுத்த மலையிலுள்ள கம்ஸர் என்னும் சிற்றூரில் இந்நீலக்கல் கிடைப்பதைச் சொல்லுகின்றார். கைவினைஞர் அதனை 'சுலைமானி' என்று அழைத்தனராம். இப்பாரசீக நீலம் கடல் கடந்து சீனத்தின் ஜிங்தேஜென் சூளைகளை அடைந்தது. அங்கே 14ஆம் நூற்றாண்டில், உலகம் இன்றும் போற்றும் நீல வெண் பீங்கான் பெருந்தொழிலாக மலர்ந்தது. மிங் அரசர் காலத்தில் ஒருவகை நீலத்தைச் சீனர் 'முஸ்லிம் நீலம்' என்னும் பொருள்படவே பெயரிட்டு வழங்கினர். வெண்மண் சீனத்துடையது, நீலம் பாரசீகத்துடையது, வாங்கியவர் இஸ்தன்பூல் முதல் ஜாவா வரை பரவியிருந்தனர். ஒரு கிண்ணத்தை நோக்கி, 'இது எவருடையது?' என்று கேட்டால் எவ்விடை தருவது?

ஜப்பானில் தேநீர் நெறி

தேநீரோடு நம் காஞ்சியை இணைக்கும் ஒரு மரபும் உண்டு. ஜென் பௌத்தத்தின் முதல்வராகக் கிழக்காசியர் போற்றும் போதிதர்மர் தென்னிந்திய அரசகுமாரர் என்பது அவர்தம் நம்பிக்கை. அவரைக் காஞ்சிபுரத்தவர் என்று கூறுவோர் பலர். தியானத்தில் உறக்கம் வந்ததற்காகத் தம் இமைகளை அறுத்தெறிந்தார் என்றும், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்றும் கதை வழங்குகின்றது. இது வரலாறன்று. எனினும் தேநீர் ஏந்தும் ஒரு சமுதாயம் அதன் வேரைக் கடல் கடந்த ஒரு தெற்கு நாட்டானிடம் தேடியது என்பது சிந்திக்கத்தக்கது.

வரலாற்று அளவில், 1191இல் சீனத்திலிருந்து திரும்பிய ஐசாய் என்னும் துறவி தேநீர்ப் பழக்கத்தை ஜப்பானில் வலுப்படுத்தினார். தொடக்கத்தில் மதிப்புப் பெற்றவை சீனக் கிண்ணங்களே. 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ (1522-1591) அம்மதிப்பீட்டைப் புரட்டிப்போட்டார். பகட்டை விலக்கி எளிமையில் அழகைக் காணும் தேநீர் நெறியை அவர் முழுமை செய்தார். சோஜிரோ என்னும் கைவினைஞர் அவர் கருத்துக்கிணங்கச் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த கறுப்பு, செந்நிறக் கிண்ணங்கள் 'ராக்கு' மரபாகத் தொடர்கின்றன. கொரியாவின் பெயரறியாக் குயவர் ஒருவர் அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்த எளிய கிண்ணம் ஒன்று, 'கிஸாயெமோன்' என்னும் பெயருடன் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் கூறாமல் செல்லலாகாது. ஹிதேயோஷி என்னும் ஜப்பானிய அதிபதி 1592 முதல் 1598 வரை கொரியாமீது இருமுறை படையெடுத்தார். திரும்பிய தளபதிகள் தம்முடன் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுசென்றனர். அவர்களுள் ஒருவரான யி சாம்பியோங், கியூஷு தீவின் அரிதா என்னுமிடத்தில் பீங்கானுக்கு உரிய வெண்கல்லைக் கண்டறிந்ததாகவும், 1616இல் ஜப்பானின் முதல் பீங்கான் அங்கே பிறந்ததாகவும் அரிதா மக்கள் வழிவழியாகக் கூறுவர். இன்று அவ்வூரார் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பிப் போற்றுகின்றனர். எனினும் மெச்சத்தக்க ஒரு கலையின் வேரில் சொந்த மண்ணைவிட்டுப் பிடுங்கப்பட்டோரின் கண்ணீரும் உண்டு என்பதை வரலாற்று மாணவர் மறத்தல் தகாது. அழகுப் பொருளைப் பாராட்டுவோர், அதைச் செய்தவன் எந்நிலையில் இருந்தான் என்று கேட்பது அறத்தின்பாற்பட்டதாகும்.

தூரிகை பிடித்த கை

ஓவியம் தாங்கிய தேநீர்க் கிண்ணத்தின் பொற்காலம் 17ஆம் நூற்றாண்டு. அரிதாவில் காக்கியெமோன் குடும்பத்தினர் வெண்பீங்கானின்மேல் செந்நிறம் முதலிய வண்ணங்கள் தீட்டும் வழக்கத்தைத் தொடங்கினர். கியோத்தோவில் நொனோமுரா நின்ஸெய், மென்மையான மட்பாண்டத்தின்மேல் வண்ண மெருகால் ஓவியம் வரையும் முறையைச் சிறப்பித்தார். தம் முத்திரையைப் பாண்டத்தின் அடியில் பதித்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். அவர் வழியில் வந்த ஒகாதா கென்ஸான் (1663-1743) கவிதையையும் எழுத்தழகையும் பாண்டத்தின்மேல் ஏற்றினார். எழுத்தணிக் கலையைப் பெரிதும் மதிக்கும் அரபு மரபில் பயின்ற நமக்கு, தூரிகையெழுத்து கிண்ணத்தின்மேல் ஏறிய இச்செய்தி தனி நெருக்கத்தைத் தருகின்றது.

செய்முறையையும் சிறிது காண்போம். பிசைந்து காற்றகற்றிய மண்ணைச் சக்கரத்தில் வனைந்து, உலர்த்தி, அடிவளையத்தைச் செதுக்கி, முதலில் மிதமான சூட்டில் சுடுவர். நீலம் தீட்டுவதாயின் இந்நிலையில் தீட்ட வேண்டும். சுட்ட மண் நீரை உடனே உறிஞ்சும். ஆதலால் ஒருமுறை இழுத்த கோட்டை அழிக்க வழியில்லை. தீட்டும்போது மங்கிய கருமையாய்த் தோன்றும் அக்கோடு, மெருகு பூசிப் பெருஞ்சூட்டில் சுட்ட பின்னரே நீலமாக ஒளிரும். பீங்கானுக்கு ஏறத்தாழ 1300 பாகை வெப்பம் வேண்டும். செம்மை, பச்சை, பொன் முதலியவற்றை அதன் பின்னர் மெருகின்மேல் தீட்டி, ஏறத்தாழ 800 பாகை அளவில் மீண்டும் சுடுவர். அரிதாவில் கோடு வரைவோர் ஒருவர், உள்ளே நிறம் நிரப்புவோர் வேறொருவர். பருத்த தூரிகையில் நீலநீரை நிறைத்து, கோட்டைத் தாண்டாமல் ஓடவிடும் அவ்வேலையில் பெண்கள் தேர்ச்சி பெற்று விளங்கினர்.

கிண்ணத்தைப் பெறும் விருந்தாளிக்கும் ஒழுங்கு உண்டு. ஓவியத்தின் சிறந்த பக்கத்தை அவரை நோக்கி வைத்துக் கொடுப்பர். அவரோ அப்பக்கத்தில் வாய்வைத்து அருந்துவதைத் தவிர்த்துக் கிண்ணத்தைச் சிறிது திருப்பிக்கொள்வார். அருந்திய பின் அதனைத் தாழ்வாகப் பிடித்து, கவிழ்த்து, அடியிலுள்ள வளையத்தையும் முத்திரையையும் பார்ப்பார். செய்தவரை அறிந்துகொள்ளும் செயல் அது. விருந்தோம்பலில் கொடுப்பவருக்கு மட்டுமன்றிப் பெறுபவருக்கும் அதபு உண்டு என்பதை நம் சமுதாயமும் நன்கறியும்.

சுற்றிய துணி

இனித் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். ஜப்பானின் பழைய வரலாற்று நூலொன்று, கி.பி. 799இல் ஓர் இளைஞன் மிகாவா நாட்டுக் கரையில் ஒதுங்கினான் என்றும், அவனிடம் பருத்தி விதைகள் இருந்தன என்றும், மொழி பயின்றபின் தன்னை இந்தியன் என்று அறிவித்தான் என்றும் பதிவு செய்துள்ளது. அவ்விதைகள் நிலைக்கவில்லை. பருத்திச் சாகுபடி அந்நாட்டில் வேரூன்றப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதுவரையிலும் அதன் பின்னரும் அயல்நாட்டுப் பருத்தித் துணி அங்கே அரும்பொருளாகவே மதிக்கப்பட்டது.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியரும், அவருக்குப் பின் பழவேற்காட்டில் கோட்டை அமைத்த டச்சுக்காரரும் நம் கரைத் துணிகளை நாகசாகி வரை கொண்டுசேர்த்தனர். அவர்களுக்கு முன்பும் உடனும், சூலியா, மரைக்காயர் முதலிய முஸ்லிம் வணிகர்கள் மலாக்கா, ஆச்சே, சயாம் துறைகளில் இத்துணிகளை விற்றுவந்தனர். நாகசாகியில் அரசு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களுள் 'மோரு' மொழிக்கு உரியோரும் இருந்தனர். அவர்தம் சொற்பட்டியலில் காணப்படுவது பாரசீகம். ஜப்பானியக் கரையில் பாரசீகம் பேசவல்ல குடும்பங்கள் இருந்தன என்பது நம்மில் பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கும். துணிக்கு மாற்றாக ஜப்பானியச் செம்பு டச்சுக் கப்பல்களில் சோழமண்டலத்துக்கு வந்தது. ஜப்பானியப் பீங்கானும் மோகா, சூரத், சோழமண்டலம் ஆகிய துறைகளை எட்டியது.

அவ்வாறு சென்ற துணிகளுள் இருவகை நினைவிற்கொள்ளத்தக்கவை. முதலாவது, கோடுபோட்ட நெசவுப் பருத்தி. சாந்தோம் துறையின் பெயரால் ஜப்பானியர் அதனை 'சாந்தோமே' என்றனர். பின்னர் அவர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கியபோது, இறக்குமதியான மூலத்துணிக்கு 'தோஸான்' என்னும் பெயர் ஏற்பட்டது. சிபா மாநிலத்துத் தத்தெயாமாவில் அந்நெசவை அரசு பண்பாட்டுச் செல்வமாக அறிவித்துக் காத்துவருகின்றது. மயிலாப்பூர்க் கடற்கரையின் பெயர் தோக்கியோவுக்கு அருகில் ஒரு கோட்டுத் துணியில் ஒளிந்து வாழ்கின்றது!

இரண்டாவது, கையால் எழுதிய சாயத்துணி. ஜப்பானியர் அதனைச் 'சராஸா' என்றனர். நம் நாட்டில் அதன் பெயர் கலம்காரி. கலம் என்பது எழுதுகோலைக் குறிக்கும் அரபுச் சொல். தமிழிலோ கலம் என்றால் பாத்திரம், மரக்கலமும் கலமே. எழுதுகோலாகிய கலத்தால் தீட்டிய துணி, மரக்கலத்தில் ஏறிச் சென்று, உண்கலமாகிய கிண்ணத்துக்குப் போர்வையாயிற்று. துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் தோய்த்து, படிகாரத்தால் எழுதி, சாயவேரில் காய்ச்சிச் செந்நிறம் ஏற்றி, அவுரியில் நீலம் ஊட்டிய கைகள் நம் கரையினருடையவை. கிண்ணத்தின் நீலக்கோட்டைப் போலவே இதிலும் எழுதும்போது நிறம் தெரியாது. காய்ச்சிய பின்னரே சிவப்பு வெளிப்படும். கடலின் இருமருங்கிலும் கைவினைஞர் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை நம்பியே கோடிழுத்தனர்.

தேநீர் ஆசான்கள் இத்துணியைத் துண்டு துண்டாகப் பெற்று, தேநீர்த் தூள் சிமிழுக்கும் கிண்ணத்துக்கும் உறை தைத்தனர். கிழிந்த பின்னும் எறியவில்லை. 1778இல் சராஸாக் கோலங்களை விளக்கும் கையேடு ஒன்றே அச்சாயிற்று. ஹிகோனே நாட்டை ஆண்ட ஈ குடும்பத்தார் சேர்த்துவைத்த 450 துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. உள்ளங்கை அளவே உள்ள துண்டுகளும் அவற்றுள் உண்டு. நெய்தவர் பெயரும் எழுதியவர் பெயரும் அவற்றில் இல்லை. ஆயினும் துணி இருக்கின்றது.

நம் வீட்டுப் பீங்கான்

இங்கே நிகழ்ந்தது யாது? ஆங்கிலேய நாட்டில் 1701, 1721ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்தியச் சாயத்துணியைத் தடுத்தன. பின் ஆலைத்துணி நம் சந்தையையே நிறைத்தது. 1869 அளவில் செயற்கைச் செஞ்சாயம் கண்டுபிடிக்கப்பட, சாயவேர் தோண்டியோரும் காய்ச்சியோரும் தொழிலிழந்தனர். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஆறுதல் தரும் செய்தியே. ஆயினும் பழவேற்காட்டிலும் சாந்தோமிலும் கப்பலேறிய துணியின் ஒரு முழத்தைக் காண விரும்பும் தமிழர், அயல்நாட்டு அருங்காட்சியகங்களின் வாயிலில்தான் பெரிதும் நிற்க வேண்டியுள்ளது.

இழப்பு முழுவதையும் அந்நியர்மேல் சுமத்திவிட்டு அமைதியடைய நமக்கு மனம் ஒப்பவில்லை. நம் பாட்டியாரிடம் நீலப்பூ எழுதிய பெரிய பீங்கான் ஒன்று இருந்தது. ரங்கூனிலிருந்து வந்தது என்பார்கள். நோன்புக் காலத்தில் கஞ்சி அதில்தான் வரும். விளிம்பில் ஒரு கீறல் விழுந்திருந்தது. பாட்டியார் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, பழைய வீட்டைப் பிரித்துக் கட்டியபோது, பித்தளைச் சாமான்களோடு அதனையும் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டோம். விலை பேசியதுகூட நினைவில்லை. அதன் அடியில் ஏதோ எழுத்து இருந்தது என்று மட்டும் நினைவிருக்கின்றது. சீனமோ, ஜப்பானியமோ, அரபோ, அறியோம். பழஞ்சுவடிகளை உருப்பெருக்கியால் ஆராயும் நாம், நாற்பது ஆண்டுகள் உண்ட கலத்தை ஒருமுறையும் கவிழ்த்துப் படிக்கவில்லை.

ஒரு கலையைக் காப்பவர் அதைப் படைத்தவர் மட்டுமல்லர். அதனை அமானிதமாகப் பெற்றுக்கொண்டவரும் ஆவர். ஜப்பானியர் 1950இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினர். 1955 முதல் கைவினை ஆசான்களையே நாட்டின் உயிருள்ள செல்வங்களாக அறிவிக்கத் தொடங்கினர். ஆனால் அச்சட்டத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பெயர் தெரியாத இல்லத்தார் ஒரு கந்தலை மடித்துப் பெட்டியில் வைத்து, அது எங்கிருந்து வந்தது என்று மூடியில் எழுதியிருந்தனர். சட்டம் பின்னர் வந்தது. பெட்டி முன்னரே இருந்தது.

நம் இல்லங்களில் எஞ்சியிருக்கும் ஸஹன், பீங்கான், திருமணப் புடவை, தொழுகை விரிப்பு ஆகியவற்றை விலைக்குப் போடுமுன் ஒருகணம் கவிழ்த்துப் பார்ப்போம். யார் கொண்டுவந்தார், எத்துறையில் வாங்கினார், எந்நாளில் பயன்பட்டது என வீட்டு முதியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வைப்போம். மஹல்லா ஜமாஅத்தும் அரபுக் கல்லூரியும் இத்தகைய குறிப்புகளுக்கு ஒரு பேரேடு திறந்தால், வருங்கால ஆய்வாளர் நமக்காக துஆச் செய்வார். இதற்குப் பெரும்பொருள் எதுவும் தேவையில்லை.

மாணவர் தந்த கிண்ணத்தை அலமாரியில் பூட்டிவைக்க நாம் விரும்பவில்லை. அஸ்ருக்குப் பின் அதில் தேநீர் அருந்துகின்றோம். அருந்தி முடித்துக் கவிழ்த்து, அடியிலுள்ள சிறு முத்திரையைப் பார்க்கின்றோம். கழுவித் துடைத்து மஞ்சள் துணியில் பொதிகின்றோம். பெட்டியினுள் நாமே ஒரு தாள் எழுதி வைத்துள்ளோம். கிண்ணம் வந்த ஊர், கொண்டுவந்தவர் பெயர், நாள் ஆகியவை அதில் உள்ளன. கீழே ஒருவரி சேர்த்தோம்: இதற்கு முன் இவ்வீட்டில் இருந்த நீலப்பூப் பீங்கானுக்கு இத்தகைய தாள் எழுதப்படவில்லை.